அது நீர் கோத்த தலைவலி இல்லை

குழந்தை பிறந்து இரண்டாவது வாரத்தில் எனக்கு ஒரு தலைவலி வந்தது. அதற்கு எங்கள் வீட்டில் பெயர் தயாராக இருந்தது. தலைக்குக் குளித்த அன்று வந்ததால் அது நீர் கோத்த தலைவலி. அதாவது, ஈரம் தலைக்குள் இறங்கி அங்கேயே நின்றுகொண்டு குத்துகிறது. எங்கள் ஊர் கோபிச்செட்டிபாளையத்தில் இதைச் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். டெக்சஸில், பிளானோவில், எங்கள் அபார்ட்மெண்டுக்குள்ளும் யாரும் பேசவில்லை. எஞ்சினியரிங் படித்த நானும் பேசவில்லை, எஞ்சினியரிங் படித்த என் கணவர் செந்திலும் பேசவில்லை. அந்தப் பெயரை நம்பி இன்னும் ஒரு நாள் படுத்துக் கிடந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்பது சந்தேகம்தான். இப்போது உடம்பு தேவலை. பாப்பா பக்கத்தில் தூங்குகிறாள், எழுவதற்குள் முடிந்தவரை எழுதிவிடுகிறேன்.

கர்ப்பமானதையே நான் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். வாயில் இரும்பைச் சப்பியதுபோல ஒரு ருசி. ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு மேசையிலேயே தலை சாய்த்துத் தூங்கும் அளவுக்கு அசதி. கடுகு தாளிக்கிற வாசனை வந்தாலே வயிற்றைப் புரட்டிக்கொண்டு வரும். நான் கேண்டீன் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டு அசிடிட்டி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு எப்போதுமே நாள் முன்னே பின்னே ஆகும் என்பதால் தள்ளிப் போனதும் உறைக்கவில்லை. கடைசியில் செந்தில்தான் ஒரு டெஸ்ட் கிட் வாங்கிவந்து கையில் கொடுத்தார். இரண்டு கோடு தெரிந்ததும் குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் பயம் முதலில் வந்தது, அது வந்து உட்கார்ந்த பிறகுதான் சந்தோஷத்துக்கு இடம் கிடைத்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் பயத்துக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. ஒவ்வொரு தடவை போகும்போதும் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் நார்மல். 'உன்னை மாதிரி எல்லாரும் இருந்தால் எனக்கு வேலையே இல்லை' என்று டாக்டர் சிரிப்பார். அந்தச் சான்றிதழை நான் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

அப்பாவுக்கு அப்போதுதான் முட்டி ஆபரேஷன் ஆகியிருந்தது. அம்மாவால் வர முடியவில்லை. பிரசவம் பார்க்க வந்தது செந்திலின் அம்மா. எங்கள் பக்கம் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவோம். அத்தை கோபியிலிருந்து இரண்டு பெட்டி நிறையப் பூண்டு, சுக்கு, பெருங்காயம், பழைய வேட்டித் துணி என்று கொண்டுவந்திருந்தார். ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தனியாக இருக்கும்போது எனக்குச் செந்தில் 'நீ', கோபம் வந்தால் 'டேய்'. அத்தை வந்து இறங்கியதும் அவர் 'நீங்க' ஆகிவிட்டார். செந்திலுக்கே அது கூச்சமாக இருந்தது.

பிரசவம் சிக்கலில்லாமல் ஆனது. பெண் குழந்தை. வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் நர்ஸ் உட்கார்ந்து நிறையச் சொன்னார். தலைவலி விடாமல் இருந்தால், கண் மங்கினால், மூச்சு முட்டினால் கூப்பிடு என்றார். நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் என் கவனமெல்லாம் கார் சீட்டின் பெல்ட்டைச் செந்தில் சரியாகப் போடுகிறாரா என்பதில் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அல்லது சொன்னது என் காதில் ஏறவில்லை. பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டது. குழந்தை பிடிக்கத் தெரியாமல் அழும், எனக்குக் கொடுக்கத் தெரியாமல் நானும் அழுவேன். தையல் போட்ட இடம் உட்கார விடாது. கால் இரண்டும் வீங்கி, பாதத்தில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அத்தை பார்த்துவிட்டு, "பச்ச ஒடம்பு கண்ணு. வீக்கம் இருக்கத்தான் செய்யும். தண்ணி கொறச்சுக் குடி, வத்திரும்" என்றார். பூண்டுக் குழம்பும் சோறும் கொடுத்து என்னைப் படுக்க வைத்துவிட்டு, குழந்தையைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டிருப்பார். எரிச்சலாகவும் இருக்கும், அவர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நன்றியாகவும் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும்.

தலைக்கு ஊற்றுகிற நாள் வந்தது. அத்தை எண்ணெய் தேய்த்து, தாங்க முடிகிற சூட்டுக்கு ஒரு படி மேலே வெந்நீர் ஊற்றினார். பிறகு சாம்பிராணி. அடுப்பில் பற்றவைத்த கரித் தணலில் அவர் ஒரு பிடி போட, புகை கிளம்பி, கூரையில் இருந்த அலாரம் ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறியது. செந்தில் நாற்காலி மேல் ஏறி அதைத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். குழந்தை வீறிட்டது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. குழந்தையோடு வீட்டுக்கு வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

மத்தியானம் தலைவலி ஆரம்பித்தது. நெற்றியில் ஆரம்பித்துக் கண்ணுக்குப் பின்னால் போய் நின்றது.

"பொசுபொசுன்னு முடி உனக்கு. சரியாத் தொவட்டுல. நீர் கோத்துக்கிச்சு" என்றார் அத்தை. சுக்கை உரசி நெற்றியில் பற்றுப் போட்டார். எரிந்தது. எரிந்தால் நல்லது, நீரை இழுக்கிறது என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன். சின்ன வயதிலிருந்து எனக்கு எத்தனையோ தடவை நீர் கோத்திருக்கிறது, பற்றுப் போட்டால் காலையில் விட்டுவிடும். இந்தத் தடவை காலையிலும் விடவில்லை. டைலனால் என்ற வலி மாத்திரை போட்டேன், அதற்கும் அசையவில்லை. டயபர் மாற்றும்போது கண் முன்னால் வெள்ளையாகப் பூச்சி பறந்தது. தூக்கமில்லாததால் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று காலையில் டாக்டர் ஆபீஸிலிருந்து நர்ஸ் போன் செய்தார். தாயும் சேயும் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிக்கும் வழக்கமான போன். பால் எப்படி, தூக்கம் எப்படி, மனசு எப்படி என்று வரிசையாகக் கேட்டார். தலைவலி இருக்கிறதா என்றார்.

"கொஞ்சம். நேற்றுத் தலைக்குக் குளித்தேன், அதனால்தான்" என்றேன் ஆங்கிலத்தில்.

"தலைக்குக் குளித்ததாலா?" என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் அது ஆங்கிலத்தில் எவ்வளவு விநோதமாக ஒலிக்கிறது என்று தெரிந்தது. தமிழில் அதற்கு ஒரு முழு விளக்கம் இருந்தது. ஆங்கிலத்தில் அது வெறும் உளறல். விளக்கிச் சொல்ல வெட்கப்பட்டு, இப்போது பரவாயில்லை என்று மழுப்பினேன். அவர் விடவில்லை. கண்ணில் ஏதாவது தெரிகிறதா என்றார். தூக்கமில்லை, அதனால் கொஞ்சம் என்றேன். வீட்டில் பிபி மெஷின் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். அப்படியானால் இன்றே எங்கேயாவது பார்த்துவிட்டுக் கூப்பிடு, இல்லாவிட்டால் நேராக வந்துவிடு என்றார். சரி என்று வைத்துவிட்டேன். போகிற எண்ணம் எனக்கில்லை. குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது.

அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் பிபி என்பது கோபியில் எல்லோருக்கும் தெரிந்த தமிழ்ச் சொல்.

"என்ன கண்ணு, பிபின்னு பேசுன? எதுக்குக் கேக்கறாங்க?"

"சும்மாங் அத்தை. மெஷின் இருக்கான்னு கேட்டாங்க. இல்லைன்னுட்டேன்."

"இல்லையா? எம்பட மெஷின் இருக்குதே!"

இருந்தது. தினமும் காலையில் காபிக்கு முன்னால் அவர் அதைக் கையில் கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது அத்தையின் மெஷின், வயசானவர்களின் சாமான். அது என் கைக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவரே கட்டிவிட்டார். மெஷின் உறுமி, இறுக்கி, தளர்ந்து, நம்பரைக் காட்டியது. மேலே நூற்று எழுபத்து இரண்டு. கீழே நூற்றுப் பத்து.

"பேட்டரி வீக்கா இருக்கும்மா" என்றார் செந்தில். டிவி ரிமோட்டைப் பிரித்து அதிலிருந்த பேட்டரியைப் போட்டார். இன்னும் கூடுதலாகக் காட்டியது. "ஊர்ல இருந்து வர்றப்ப பெட்டிய எங்கியோ போட்டு ஒடைச்சிருப்பாங்க. மெஷினே அவுட்டு" என்றார். அத்தை பட்டையைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டார். அவருக்கு எப்போதும் போல நூற்று முப்பதுக்குள்தான் இருந்தது. மெஷினுக்கு ஒரு கோளாறும் இல்லை.

அத்தையின் முகம் அப்போது மாறிய விதத்தை நான் மறக்க மாட்டேன். வெளிறிவிட்டது. ஈரத் துணியை எடுத்துவந்து என் நெற்றியிலிருந்த பற்றை அழுத்தித் துடைத்தார். "வண்டிய எடு சாமி" என்றார் மகனிடம். "இப்பவே எடு."

டால்வே என்னும் சுங்கச் சாலையில் செந்தில் ஓட்டிய வேகத்தைப் பற்றி எழுதினால் இன்சூரன்ஸ்காரர்கள் படித்துவிடுவார்கள். பின் சீட்டில் ஒரு பக்கம் குழந்தை, நடுவில் அத்தை. எனக்கு வெளிச்சம் பட்டால் கண் கூசியது, மூடினால் பூச்சி பறந்தது. எமர்ஜென்சி வாசலில், பெயர் கேட்பதற்கு முன்னால், கடந்த சில வாரங்களுக்குள் பிரசவம் ஆனதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றதும் காத்திருக்கச் சொல்லவில்லை. அமெரிக்காவில் எமர்ஜென்சியில் காத்திருக்கச் சொல்லாவிட்டால் அதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

டாக்டர் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். நோயின் பெயர் ப்ரீக்ளாம்சியா. சிலருக்குக் கர்ப்பத்தில் வரும், சிலருக்குப் பிரசவம் நல்லபடி ஆன பிறகு வரும். ரத்த அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகம், ஈரல், மூளை எல்லாம் அடி வாங்குகின்றன. தலைவலியும் கண்ணில் பூச்சி பறப்பதும் மூளை விடுகிற எச்சரிக்கை. அப்படியே விட்டால் வலிப்பு வரலாம், மூளையில் ரத்தக் கசிவு வரலாம். அழுத்தத்தைக் குறைக்க ஊசி போடுவார்கள். வலிப்பு வராமல் தடுக்க மக்னீசியம் என்ற உப்பை ஒரு முழு நாள் டிரிப்ஸில் ஏற்றுவார்கள்.

"நான் செத்துப்போயிடுவேனா?" என்று கேட்டேன்.

"சரியான நேரத்துக்கு வந்துவிட்டாய்" என்றார். மாட்டாய் என்று சொல்லவில்லை. நான் அதைக் கவனித்தேன்.

ஃப்ளூ பரவியிருந்த நேரம். பிறந்த குழந்தையை இங்கே வைத்துக்கொள்ள வேண்டாம், யாராவது வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அத்தைக்குக் கார் ஓட்டத் தெரியாது, பாட்டில் பால் கலக்கத் தெரியாது, கதவைத் தட்டினால் என்ன பேசுவதென்று தெரியாது. செந்தில் அவர்களைக் கொண்டுபோய் விட்டு, பவுடர் கலக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். செந்தில் கிளம்பும்போது எனக்குப் பதறிவிட்டது. அத்தை நிற்கிறார் என்பதையே மறந்து, "டேய், சீக்கிரம் வந்துடுடா. என்னத் தனியா விட்டுட்டுப் போவாதடா" என்று கத்தினேன். அத்தை காதில் விழுந்தது. குழந்தையை என் கன்னத்தோடு ஒருமுறை ஒட்டவைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

மக்னீசியம் ஏறும்போது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், அடுப்பை உடம்புக்குள் பற்றவைத்தது போல என்று சொல்வேன். ஊசி ஏறிய கையிலிருந்து சூடு கிளம்பி முகம், நாக்கு எல்லாம் எரியும். பிறகு உடம்பு ஈர மணல் மூட்டையாகிவிடும். தண்ணீர் டம்ளரைத் தூக்க முடியாது. மருந்து அதிகமாகிவிட்டால் மூச்சு நின்றுவிடும் என்பதால் நர்ஸ் அடிக்கடி வந்து முட்டியில் சுத்தியால் தட்டுவார். கால் துள்ளினால் நல்லது. அவர் தட்டும்போதெல்லாம் நான் காலையே பார்த்துக்கொண்டிருப்பேன், துள்ளு துள்ளு என்று மனசுக்குள் கெஞ்சுவேன்.

புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கக் கேள்வியும் கேட்பார். உன் பெயர் என்ன, இது எந்த ஊர், என்ன மாதம். எல்லாம் சொன்னேன்.

"உன் குழந்தையின் பெயர் என்ன?"

"பாப்பா" என்றேன்.

"உன் அப்பா இல்லை. குழந்தை. குழந்தையின் பெயர்."

வரவில்லை. தேடுகிறேன், வரவில்லை. எங்கள் வீட்டில் முறைப்படி பெயர் வைக்க இன்னும் நாள் இருந்தது. அதுவரைக்கும் எல்லோருக்கும் அவள் பாப்பாதான், கண்ணுதான். ஆஸ்பத்திரியில் பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்டதால் ஒரு பெயரைக் கொடுத்திருந்தோம். அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரும் அவளை இதுவரை கூப்பிட்டதில்லை. இது எதுவும் அப்போது எனக்குத் தோன்றவில்லை. பெற்ற குழந்தையின் பெயர் மறந்துவிட்டது, மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது, அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். நர்ஸின் கை பெல்லை நோக்கிப் போவதைப் பார்த்தேன். பிறகு எங்கிருந்தோ வந்தது. "இனியா!" என்று கத்தினேன். "இனியா, இனியா." நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு சரி சரி என்றார். ஆனாலும் ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். அந்தக் குழாய்க்குள் படுத்திருந்தபோது எனக்குச் சாவைப் பற்றிய பயத்தைவிடக் கேவலமான பயம் ஒன்று வந்தது. நான் போய்விட்டால் இந்தப் பிள்ளையை என்ன சொல்வார்கள்? இவள் பிறந்தாள், அவள் போனாள் என்பார்கள். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் யாராவது ஒருத்தி பெருமூச்சு விடுவாள். கேக் வெட்டும் இடத்தில் என் போட்டோ இருக்கும்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. கசிவில்லை. செந்தில் திரும்பி வந்ததும் நான் விஷயத்தைச் சொல்லி அழுதேன், அவனும் அழுதான். அதற்குப் பிறகு எனக்கு அவன் 'அவன்'தான், எழுத்திலும் இனி மாற்றுவதாக இல்லை.

மறுநாள் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. டிரிப்ஸைக் கழற்றினார்கள். நான் பம்ப்பில் எடுத்த பாலைச் செந்தில் ஐஸ் பையில் வைத்துக்கொண்டு பிளானோவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடினான். வீடியோ காலில் அத்தை குழந்தையின் முகத்தைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு சீலிங் ஃபேனைக் காட்டுவார். "பாரு, குடிச்சுட்டா பாரு" என்பார். நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டே, ஆமாங் அத்தை என்பேன். தினமும் மாத்திரை, காலையும் மாலையும் பிபி பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டேன், நான் என்ன செய்ததால் இது வந்தது? "நீ செய்த எதனாலும் இல்லை. யார் செய்த எதனாலும் இல்லை. முழுக் காரணம் எங்களுக்கே இன்னும் தெரியாது" என்றார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை. பால் குடித்துவிட்டுக் குழந்தை என் மேல் கிடந்தது. அத்தை மெஷினைக் கொண்டுவந்து என் கையில் கட்டினார். நம்பரைப் பார்த்த பிறகும் பட்டையைக் கழற்றாமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"கண்ணு, அந்த நோவுக்கு வலிப்பு வருமாக்கும்?"

"வரும்னாங்க அத்தை. விட்டிருந்தா வந்திருக்கும்."

"மொதல்ல தலவலி, கால் வீக்கம், பொறவு வலிப்பு?"

"ஆமாங்."

அத்தை குழந்தையின் பாதத்தைத் தடவினார். பிறகு, "எங்கக்காளுக்கு அதேதான்" என்றார். "எங்கக்கா பொன்னாத்தா. ஆம்பளப் புள்ள பொறந்து ஒரு வாரம். தல வலிக்குதுன்னா. நீர் கோத்துக்கிச்சுன்னு எங்கம்மா பத்துப் போட்டுச்சு. மறுநா வெட்டி வெட்டி இழுத்துச்சு. ஜன்னி கண்டுருச்சுன்னாங்க. பொழுதோட போயிட்டா. நான் சுக்கு ஒரசிக் குடுத்தேன் கண்ணு, இந்தக் கையில."

அவர் அழவில்லை. "அந்தப் பையனத் தாய முழுங்குனவன்னாங்க. ஊரே சொல்லுச்சு. கல்யாணங்காச்சின்னா முன்னால நிக்க வுட மாட்டாங்க. அவனுக்குப் பொண்ணு குடுக்கவே யோசிச்சாங்க. நானும் கோவத்துல ஒருக்கா சொல்லிப்போட்டேன், அவன் மூஞ்சிக்கு நேராவே." பட்டையைக் கழற்றி மடித்தார். "அந்த நோவுக்குப் பேரு இருக்குதுன்னு சொன்னீல்ல. அவனுக்குப் போன் போட்டுக் குடு."

கோபியில் அப்போது பொழுது சாய்ந்திருக்கும். போட்டுக் கொடுத்தேன். "கந்தசாமி, சித்தி பேசறேன். ஒன்னுமில்ல சாமி, எல்லாம் நல்லாருக்கறோம்" என்று ஆரம்பித்தார். மருமகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது, பிழைத்து வந்தது எல்லாம் சொன்னார். "உங்கம்மாளுக்கு வந்தது இதேதான்டா. இது ஒரு நோவாம். இதுக்குப் பேரு இருக்குதாம்." அந்தப் பெயரைச் சொல்ல வாயெடுத்து, நாக்குத் திரும்பாமல் நிறுத்தி, போனை என்னிடம் நீட்டிவிட்டார்.

"அண்ணா, ப்ரீக்ளாம்சியாங்" என்றேன்.

அந்தப் பக்கம் டிராக்டர் ஒன்று ஓடி நிற்கும் சத்தம் கேட்டது. ஐம்பது வயதுக்கு மேலான மனிதர். நான் அவரிடம் கல்யாணத்தில் ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறேன், அதுவும் வாங்க என்ற ஒரு சொல்.

"அம்மணி" என்றார். "அது பொறந்த கொழந்தையால வர்றதுங்ளா?"

என் மேல் இனியா சூடாகக் கிடந்தாள்.

"இல்லீங்ண்ணா" என்றேன். "கொழந்தையால இல்லீங்."